இந்த சீட்டுக்கு மட்டும் யாரும் சண்டை போடுவதில்லை!

நம் ஊரில் 'சீட்' என்ற வார்த்தைக்கு இருக்கிற மவுசே தனி. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் வீசிப் பிடிக்கிற சீட், அப்பாவின் பி.எஃப். பணத்தைக் கரைத்து வாங்குகிற காலேஜ் சீட், கடைசி நிமிடம் வரை கிடைக்குமா கிடைக்காதா என்று ரத்தக்கொதிப்பை ஏற்றுகிற எலெக்ஷன் சீட்... எல்லாவற்றுக்கும் அடிதடி.

ஆபீஸை எடுத்துக் கொள்ளுங்கள். புதிதாக நாலு ரிவால்விங் சேர் வந்து இறங்கினால் போதும். அன்றைக்கு ஒரு ஃபைலும் நகராது. யாருக்குக் கைப்பிடி வைத்த சேர், யாருக்குத் தலைசாய்க்க வசதியுள்ள சேர் என்று பஞ்சாயத்து. என் நண்பர் ஒருவர் தன் சேரை மேஜைக் காலோடு சைக்கிள் செயின் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் டீ குடிக்கவே போவார்!

ஆனால், யாருமே சண்டை போடாத சீட் ஒன்று இருக்கிறது. டிராக்டர் சீட்!

ஏன் என்று போன பொங்கல் லீவில்தான் எனக்குப் புரிந்தது. மாமாவின் ஊருக்குப் போயிருந்தேன். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு மாப்ளே" என்று பக்கத்தில் நின்று உசுப்பிவிட்டார். காய்ந்த வயலில் ஒரு மணி நேரம். சீட்டின் மேல் மடித்துப் போட்ட சாக்கு ஒன்று. அது எதற்கு என்று முதலில் கேட்கத் தோன்றவில்லை. இறங்கும்போது கேட்கவே தேவைப்படவில்லை. இடுப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டே, "கை கால் நல்லா இருக்கிற எனக்கே இந்தக் கதின்னா, கால் முடியாதவங்க எல்லாம் எப்படி மாமா டிராக்டர் ஓட்டுவாங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"எங்க ஓட்டறது?" என்றார் மாமா. "நம்ம தெருவுலயே ஒருத்தன் இருக்கான். தென்னை மரத்துலேர்ந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியில்ல. முன்னாடி இந்த ஏரியாவுல அவன் மாதிரி சேத்துழவு ஓட்ட ஆளே கிடையாது. இப்ப திண்ணையில உட்கார்ந்திருக்கான். ரோட்டுல போற டிராக்டர் சத்தத்த வச்சே, அது யார் வண்டி, எந்த கியர்ல போவுதுன்னு சொல்லுவான்."

மாமா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தைலம் தேய்க்கிற கை நின்றுவிட்டது. கண் இருக்கிறது, கை இருக்கிறது, வித்தை தலைக்குள் அப்படியே இருக்கிறது. தரைக்கும் சீட்டுக்கும் நடுவே இருக்கிற நாலடி உயரம்தான் அவரைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறதா?

இதற்கு யாராவது வழி கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று தேடப் போனேன். கண்டுபிடித்திருக்கிறார்கள். கதை அமெரிக்காவில் நடக்கிறது. கென்னடியின் முதுகுவலியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கென்னடி டாக்டரும் டிராக்டரும்

ஆதிகாலத்து டிராக்டர் சீட் என்பது ஒரு இரும்புத் தட்டு. உட்காரும் இடத்தின் வடிவத்துக்குக் குழித்து, ஆங்காங்கே ஓட்டை போட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் வடிய வழி. அடியில் வில் மாதிரி வளைந்த ஒரு பட்டை இரும்பு. அவ்வளவுதான் சௌகரியம்! குதிரை கட்டி இழுத்த காலத்து சீட்டை அப்படியே தூக்கி டிராக்டரில் மாட்டிவிட்டார்கள். குதிரையாவது களைத்தால் நிற்கும், இன்ஜின் நிற்குமா?

1937-ல் ஜான் டீர் கம்பெனி, ஹென்றி டிரைஃபஸ் என்ற டிசைனரைக் கூப்பிட்டது. டெலிபோன், கடிகாரம், ரயில் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் உருவம் கொடுத்த மனுஷன். பொருளுக்கு ஏற்றபடி ஆள் வளையக்கூடாது, ஆளுக்கு ஏற்றபடி பொருள் அமைய வேண்டும் என்பது அவர் கட்சி. இதற்காகவே ஆயிரக்கணக்கான பேரின் உடம்பு அளவுகளைச் சேகரித்து, 'ஜோ', 'ஜோஸஃபின்' என்று ஒரு ஆண், ஒரு பெண் வரைபடமே தயாரித்து வைத்திருந்தார். 1955-ல் எழுதிய புத்தகத்தில் அந்த ஜோடியை உலகத்துக்கு அறிமுகம் செய்தார்.

ஜான் டீர் புது டிராக்டர் வரிசையைத் தயாரித்தபோது, சீட் விஷயத்தில் ஒரு டாக்டரிடம் யோசனை கேட்டார்கள். அவர் பெயர் ஜேனட் டிராவெல். தசை வலி, முதுகு வலியில் புலி. அந்தச் சமயம் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதுகுவலிக்கார செனட்டர் சாட்சாத் ஜான் கென்னடி! பிற்பாடு கென்னடி ஜனாதிபதியானதும், வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் சொந்த டாக்டராக 1961-ல் அமர்ந்த முதல் பெண்மணி இவர்தான். கென்னடி ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற போட்டோக்களைப் பார்த்திருப்பீர்களே... அந்த நாற்காலியும் இந்த அம்மாளின் சிபாரிசுதான்.

1960 ஆகஸ்டில், டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் அந்த டிராக்டர்களை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான டீலர்களை விமானத்தில் அழைத்து வந்து ஏக தடபுடல். ஊரிலேயே ஆடம்பரமான கடையின் நகைப் பிரிவில், டிராக்டருக்கு வைரம் சாத்திக் காட்சிக்கு வைத்தார்கள் என்றால் பாருங்களேன்! வைரத்தை ராத்திரியே கழற்றியிருப்பார்கள். ஆனால், சாய்மானமும் மெத்தையும் வைத்து, ஓட்டுகிறவரின் உயரத்துக்கும் எடைக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளும் சீட் நிலைத்துவிட்டது. விவசாயிக்கும் முதுகு உண்டு என்று டிராக்டர் உலகம் ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆனால், இதிலும் ஒரு ஓட்டை. ஜோவும் ஜோஸஃபினும் அளவெடுத்துச் செய்த ஆசாமிகள். இரண்டு காலும் ஒரே நீளம். திரும்பச் சொன்னால் திரும்புவார்கள், ஏறச் சொன்னால் ஏறுவார்கள். ஆற்றின் சராசரி ஆழத்தைக் கணக்குப் போட்டு இறங்கியவன் கதை தெரியுமல்லவா? சராசரி முழங்கால் அளவுதான். முங்கினது நடு ஆற்றில். நடு ஆற்றில் நிற்கிறவர்களுக்கு யார் சீட் செய்வது?

நிலவில் இறக்கியவர்கள், டிராக்டரில் ஏற்றினார்கள்

இண்டியானா மாநிலத்தில் பர்டியூ பல்கலைக்கழகம் என்று ஒன்று. நிலவில் முதல் காலடி வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் படித்த இடம். சுற்றிலும் சோளக் காடு, சோயா காடு.

தண்டுவடத்தில் அடிபட்ட ஒரு விவசாயி, 'நான் தொடர்ந்து விவசாயம் செய்யணும், வழி இருக்கா?' என்று உதவி கேட்டார். இதிலிருந்து 1979-ல் அங்கே ஒரு தனிப் பிரிவே முளைத்தது. விவசாயப் பாதுகாப்பு சொல்லித்தருகிற பேராசிரியர் வில்லியம் ஃபீல்ட் அதை நடத்தினார். அது கொடுத்த தைரியத்தில், 1990-ம் வருட அமெரிக்க விவசாயச் சட்டத்தில் மாற்றுத்திறனாளி விவசாயிகளுக்காகவே ஒரு திட்டத்தைச் சேர்த்தார்கள். பெயர் 'அக்ரபிலிட்டி'. 1991-லிருந்து நடக்கிறது. ஒரு மாநிலத்து விவசாயப் பல்கலைக்கழகமும், மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தொண்டு நிறுவனமும் கைகோத்துக்கொண்டு விவசாயியின் வீட்டுக்கே போகும். அவருடைய வண்டி, அவருடைய உடம்பு, அவருடைய வேலை மூன்றையும் பார்த்துவிட்டு யோசனை சொல்லும்.

'உன்னால என்னப்பா முடியும்?' என்று விவசாயியிடம் கேட்பதில்லை. சீட்டைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள், 'உன்னால என்ன முடியாது? அதை எப்படிச் சரி பண்றது?' என்று!

சரி, ஒரு சீட்டில் அப்படி என்னதான் கோளாறு? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏறுவது பெரும் பாடு

முதல் படியே முழங்கால் உயரத்தில் இருக்கும். செயற்கைக் கால் வைத்தவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள் இங்கேயே தோற்றுப்போவார்கள். இதற்கு வைத்தியம் சுலபம். கீழே இன்னொரு படி, வழுக்காத தகடு, பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி. ஒரு வெல்டர் மனசு வைத்தால் ஒரு நாள் வேலை.

இரண்டு காலும் செயலிழந்தவருக்கு ஒரு தூக்கி வேண்டும். டிராக்டரின் பேட்டரியிலேயே ஓடுகிற மோட்டார். அதோடு ஒரு சின்ன இருக்கை. சக்கர நாற்காலியிலிருந்து அந்த இருக்கைக்கு மாறி, பட்டனை அமுக்கினால், லிஃப்ட் மாதிரி மேலே போய் டிராக்டர் சீட் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து கையை ஊன்றி நகர்ந்துகொள்ள வேண்டியதுதான். இரண்டு மூன்று டிராக்டர் வைத்திருப்பவர்கள் இந்தத் தூக்கியை ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் பொருத்தி, எந்த டிராக்டரிடம் வேண்டுமானாலும் கொண்டுபோகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று. ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் உடம்பின் மொத்த எடையையும் தாங்குவது தோள்பட்டை. காலுக்குப் பதில் கையே காலாக இருக்கிறவருக்குத் தோளும் போனால் என்ன ஆவது? அதனால் தூக்கி இருக்கையும் டிராக்டர் சீட்டும் ஒரே மட்டத்தில் வந்து நிற்க வேண்டும். நாலு அங்குல வித்தியாசம் நமக்கு ஒன்றுமில்லை. அவருக்கு அது ஒரு மலை.

உட்காருவது அதைவிடப் பெரும் பாடு

ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்புறமென்ன? அப்புறம்தான் ஆரம்பமே!

நீங்களும் நானும் உட்கார்ந்திருக்கும்போது வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கின்றன. பஸ் வளைந்தால் நாமும் தானாக எதிர்ப்பக்கம் சாய்வோம். தண்டுவடத்தில் மேலே அடிபட்டவர்களுக்கு அந்தத் தசைகள் லீவு. வரப்பில் ஒரு சக்கரம் ஏறினால், மனுஷன் மூட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். அதனால் சாய்மானத்தை உயர்த்த வேண்டும். விலாவுக்கு இரண்டு பக்கமும் தாங்கு மெத்தை வேண்டும். மார்போடு ஒரு பட்டை, இரண்டு கைப்பிடி வேண்டும். கால்களுக்குத் தனியாக ஒரு தாங்கி, ஒரு வார். இல்லாவிட்டால் உணர்வற்ற கால் தானாக நழுவி பிரேக் மேலோ, சூடேறின கியர் பெட்டி மேலோ போய் விழும். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

தெரியாது என்பதுதான் இங்கே பெரிய வில்லன். நாம் ஆபீஸ் சேரில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் நெளிகிறோமே... அது மேனேஜரைப் பார்த்த பயம் மட்டும் இல்லை. ஒரே இடத்தில் அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது, வலிக்கிறது, நெளிகிறோம். வலி தெரியாதவர் நெளிய மாட்டார். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதை மெல்லச் செத்து, படுக்கைப் புண்ணாக மாறும். ஆற மாதக்கணக்கில் ஆகும். சீழ் பிடித்தால் உயிருக்கே உலை. ஒரு உழவு சீஸனில் மோசமான சீட்டில் உட்கார்ந்ததற்கு, அடுத்த சீஸன் முழுக்கக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கிடக்க வேண்டிவரும்.

இதற்காக ராபர்ட் கிரேப் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1970-களில் ஒரு காற்று மெத்தையைப் பிரபலமாக்கினார். முட்டை அடுக்கும் அட்டையைக் கவிழ்த்தது போல, வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ரப்பர் பைகள். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே காற்றுப் பாதை. எங்கே எலும்பு அழுத்துகிறதோ அங்கேயிருந்து காற்று விலகி மற்ற பைகளுக்குப் போகும். பாரம் ஒரே இடத்தில் விழாமல் பங்கு போட்டுக்கொள்ளப்படும். சோஷலிஸ மெத்தை! காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மெத்தைக்கு அடியில் கையைவிட்டுப் பார்ப்பார்கள். எலும்புக்குக் கீழே ஒன்றரையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. காற்று அதிகமானால் பந்து மேல் உட்கார்ந்த மாதிரி. குறைந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி.

'அடடே, அதை வாங்கி டிராக்டர் சீட் மேல் போட்டுவிட்டால் ஆச்சே' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து சென்டிமீட்டர் உயர மெத்தையைப் போட்டால் ஆளும் பத்து சென்டிமீட்டர் உயர்வார். காலுக்கும் கால்தாங்கிக்கும் சம்பந்தமிருக்காது. கேபின் வைத்த வண்டியானால் ஒவ்வொரு குழிக்கும் தலை கூரையில் தாளம் போடும். காற்று மெத்தை கொஞ்சம் ஆடவும் செய்யும். உடம்பை நிலைநிறுத்த முடியாதவருக்கு அது வேறு ஆபத்து. ஆக, பழைய ஸ்பாஞ்சைக் கழற்றி சீட்டின் மட்டத்தைக் குறைத்து, கால்தாங்கியை ஏற்றி, பக்கத் தாங்குகளைச் சரிசெய்து... ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டும். தையற்காரர் சட்டைக் காலரை மட்டும் தனியாகத் தைக்க முடியாது இல்லையா, அதே கதை.

எழுந்தா நின்னுடும்!

புது டிராக்டர்கள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் சீட்டை விட்டு எழுந்தால், பின்னால் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டையோ இன்ஜினையோ நிறுத்திவிடும். ஓடுகிற மெஷினில் வேட்டி மாட்டிச் செத்தவர்களால் வந்த ஞானம். ரொம்ப நல்ல ஏற்பாடு.

ஆனால், படுக்கைப் புண் வராமலிருக்க டாக்டர் சொல்லியிருப்பது என்ன? கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பாரத்தை இறக்கணும். இவர் தூக்குவார்; சுவிட்ச் 'ஆள் இறங்கிட்டான்' என்று முடிவு கட்டி மெஷினை நிறுத்தும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி தூக்கல், மறுபடி நிறுத்தல்...

உடனே நம் மூளை எங்கே போகும்? 'அந்த வயரைப் பிடுங்கிப் போடு!' அதுதான் கூடாது. ஆபத்தில் குதித்து ஓட முடியாதவருக்குத்தான் அந்த சுவிட்ச் எல்லோரையும் விட அதிகமாகத் தேவை. வழி என்ன? உடம்பைத் தூக்குவதற்குப் பதில், முன்னாலும் பக்கவாட்டிலும் சாய்ந்து பாரத்தை மாற்றுவது. வரப்பு ஓரம் திரும்பும்போது நிறுத்தி, நிதானமாகப் பாரம் இறக்குவது. இப்படிச் சின்னச் சின்னப் பழக்கங்கள். சீட்டுக்குள் இன்ஜினீயரிங் மட்டுமில்லை, டைம்டேபிளும் இருக்கிறது.

திரும்பிப் பார், உதறாதே!

டிராக்டர்காரருக்கு வாழ்க்கை முன்னால் பாதி, பின்னால் பாதி. கலப்பை ஒழுங்காக இறங்குகிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்தெலும்பை ஆபரேஷனில் இணைத்துவிட்டவர்கள், இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் திரும்பி, அங்கேயே பூட்டிக்கொள்ளும் சீட் வைக்கலாம். அகலக் கண்ணாடிகள் பொருத்தலாம். காசிருந்தால் பின்னால் ஒரு கேமரா.

அப்புறம் அந்த உதறல். கார், பஸ்ஸுக்கெல்லாம் சக்கரத்துக்கு ஸ்பிரிங் உண்டு. பெரும்பாலான டிராக்டர்களின் பின் சக்கரத்துக்கு அது கிடையாது. டயரின் காற்றும் சீட்டின் ஸ்பிரிங்கும்தான் ஆதாரம். உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு, வினாடிக்கு நாலிலிருந்து எட்டு தடவை வரை வருகிற அதிர்வு ஜென்ம விரோதி. அந்தத் தாளத்துக்கு முதுகெலும்பும் வயிறும் சேர்ந்து ஆடும். ஏற்கெனவே அடிபட்ட முதுகானால் கேட்கவே வேண்டாம்.

இங்கே, காசே செலவில்லாத ரகசியம் ஒன்று. பல டிராக்டர்களின் சீட்டுக்குக் கீழேயோ பின்னாலேயோ ஒரு திருகு இருக்கும். ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்றபடி ஸ்பிரிங்கை இறுக்க, தளர்த்த. ஐம்பது கிலோ ஆளுக்கு வைத்த அளவில் தொண்ணூறு கிலோ ஆசாமி உட்கார்ந்தால், ஸ்பிரிங் அடித்தட்டில் போய் இடிக்கும். தொண்ணூறுக்கு வைத்ததில் ஐம்பது கிலோ உட்கார்ந்தால், கல்லில் உட்கார்ந்த மாதிரி. ஒரு காலை இழந்தவருக்கு சீட்டின் மேல் விழும் எடை குறையும். திருகைத் திருப்பியே ஆக வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? சாக்கை மடித்துப் போடத் தெரிந்த அளவுக்குத் தெரியாது என்பது என் அனுமானம்.

யாருக்கோ இல்லை... எல்லாருக்கும்!

'இதெல்லாம் எங்கேயோ நாலு பேருக்கான சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2022 கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயியின் சராசரி வயது 58.1. அந்த வயதில் முட்டி, முதுகு, இடுப்பு மூன்றில் ஏதாவது ஒன்று மனு கொடுத்துவிடும். சக்கர நாற்காலிக்காரருக்காக யோசித்த கூடுதல் படியும், திரும்பும் சீட்டும் மூட்டுவலிப் பெரியவருக்கும் கைகொடுக்கின்றன. பொடியனுக்கு வாங்கின நைட் லாம்ப், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிற தாத்தாவுக்கும் வழிகாட்டுகிற மாதிரி.

காமர்ஸ் படித்தவன் என்பதால் அடுத்த கேள்வி எனக்குத் தானாக வந்தது. பணம்? அமெரிக்கத் திட்டம் யோசனைதான் சொல்லும். சாமான் வாங்கப் பணம் தராது. தூக்கி ஒன்றே பல ஆயிரம் டாலர். மாநிலத்து மறுவாழ்வுத் துறை, தொண்டு அமைப்புகள், சொந்தக் கைக்காசு என்று திரட்ட வேண்டும். ஆனால் வரவுப் பக்கத்தையும் எழுதுங்கள். நிலத்தை விற்காமல் வைத்திருப்பது, கூலிக்கு டிரைவர் போடாமல் தானே ஓட்டுவது, 'நான் விவசாயி' என்று சொல்லிக்கொள்வது. கடைசியில் சொன்னதை எந்த லெட்ஜரில், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குச் சொல்லித்தரவில்லை.

நம்ம பக்கம்...

சட்டத்தில் நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு அருமையான விஷயத்தைச் சொல்கிறது. அரசுத் திட்டங்களில் விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும்போது, 40 சதவிகிதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவிகித ஒதுக்கீடு தரவேண்டும். அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. பேஷ்! நிலத்தைக் கொடுத்தாயிற்று. அதை உழ டிராக்டரில் ஏற வேண்டாமா? பட்டாவைக் கையில் கொடுத்துவிட்டுப் படியை எட்டாத உயரத்தில் வைத்தால், அது பந்தி போட்டுவிட்டு இலை போடாத கதை.

2022-23-ல் மட்டும் நம் நாட்டில் விற்ற டிராக்டர் ஒன்பது லட்சத்துக்கும் மேல். உலகத்திலேயே நம்மை மாதிரி டிராக்டர் வாங்குகிற நாடு இல்லை. நம்முடையவை பெரும்பாலும் கேபின் இல்லாத சின்ன வண்டிகள். ஒரு விதத்தில் அது நல்லதும்கூட. கதவு இடிக்காது, கூரை தட்டாது, நாலு பக்கமும் திறந்த இடம். தூக்கியும் படியும் பொருத்துவது சுலபம். நம் லேத் பட்டறைக்காரர்களோ பழைய இரும்பில் பூந்தோட்டமே செய்வார்கள்.

ஆனால், சில விஷயங்களில் கைவைக்கக்கூடாது. வண்டி கவிழும்போது ஆளைக் காப்பாற்ற சீட்டுக்குப் பின்னால் நிற்கிற இரும்பு வளைவில், தூக்கி மாட்டுகிறேன் என்று ஓட்டை போடுவதோ வெல்டு வைப்பதோ கூடவே கூடாது. வளைவு பலமிழந்துவிடும். அதேபோல இடுப்பு பெல்ட். வளைவு உள்ள வண்டியில் பெல்ட் கட்டாயம். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் கட்டினால், கவிழும்போது வண்டியோடு சேர்த்துக் கட்டின மாதிரி. அதனால் மார்புப் பட்டை போட்டால்தான் உட்கார முடியும் என்கிறவர், வளைவு உள்ள வண்டியைத்தான் தொட வேண்டும். தூக்கி பாதியில் நின்றுபோனால் கையால் இறக்க ஒரு வழி, கை எட்டுகிற இடத்தில் செல்போன், தீயணைப்பான் - இதெல்லாம் இல்லாமல் வயலுக்குள் போகவே கூடாது. ஏறத் தெரிந்தால் போதாது. இறங்கவும் தெரிய வேண்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸையும் மறந்துவிடாதீர்கள். டிராக்டரும் மோட்டார் வாகனம்தான். மாற்றங்களுக்கு அனுமதி வேண்டும். மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டியை நம் மோட்டார் வாகனச் சட்டம் ரொம்ப நாளாக 'இன்வேலிட் கேரேஜ்' என்று கொச்சையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 2019 திருத்தத்தில் அது 'அடாப்டட் வெஹிக்கிள்' ஆகிவிட்டது. அதாவது, குறை ஆளிடம் இல்லை. மாற வேண்டியது வண்டி என்று சட்டமே வாயைத் திறந்து சொல்லிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இண்டியானா சோளக் காட்டில் கண்டுபிடித்ததும் அதைத்தானே!

இவ்வளவையும் போன வாரம் மாமாவுக்குப் போன் போட்டு ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். முதல் காரியமாக அந்தத் திருகைத் தேடிப் போனாராம். துருப்பிடித்துக் கிடந்ததாம். மண்ணெண்ணெய் விட்டுத் திருப்பி, தன் எடைக்கு வைத்திருக்கிறார். "சாக்கை எடுத்துட்டேன் மாப்ளே. வாங்கி இத்தனை வருஷமாச்சு, இப்பத்தான் இது சீட்டுன்னே தெரியுது!"

"அந்தத் திண்ணைக்காரர்கிட்ட சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன். தூக்கி, மெத்தை, பட்டை, எல்லாம் ஒண்ணு விடாம. முழுக்கக் கேட்டான். சந்தோஷப்படுவான்னு பார்த்தேன். ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தான்."

எனக்கு சங்கடமாகப் போய்விட்டது. வீணாக ஆசை காட்டிவிட்டேனோ?

"அப்புறம்?"

"அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்" என்றார் மாமா. "எந்த மாடல்ல, எத்தனை ஹெச்.பி. வண்டியில பண்ணலாம்னு!"